கேபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடை: லாச்சிச் சுவரின் ஒழுங்கு

கொழும்பு புறக்கோட்டைப் பிரதான வீதியிலிருந்து ஐந்தாம் குறுக்குத் தெருப் பக்கம் திரும்பினால் வருகிற கேபோஸ் லேன், நாட்டு மருந்துச் சரக்குக் கடைகளுக்குப் பேர்போன இடம். அங்குள்ள கடைகளில் ஒன்றுக்குக் கடந்த சில மாதங்களில் நான்கு தடவை போய் வந்திருக்கிறேன். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளரான பெரியவர் கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்க்கிறேன்; ஒரு பக்கச் சுவர் முழுவதும் பழைய மர லாச்சிகளாகவே (இழுப்பறைகளாகவே) இருப்பதுதான் அதன் அடையாளம். சரக்கின் தரம், நிறை, விலை என்று ஒரு கடையைப் பற்றி வழக்கமாகச் சொல்ல வேண்டியவற்றையும் சொல்லுவேன். ஆனால் என்னை எழுதத் தூண்டியது அந்தச் சுவரில் பொருட்கள் வைக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு. நான் நூலகமொன்றில் பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் செய்பவள். எதை எதனோடு சேர்த்து வைப்பது என்ற கேள்வியோடுதான் என் வேலை நாள் தொடங்கி முடிகிறது. அந்தக் கேள்விக்கு இவ்வளவு தெளிவான விடையை நூலகத்துக்கு வெளியே நான் கண்டது இந்தக் கடையில்தான்.

தங்கைக்குக் குழந்தை கிடைத்துப் பத்தாம் நாள், சரக்குத் தூள் இடிப்பதற்கு வேண்டியவற்றை அம்மா ஒரு துண்டில் எழுதித் தந்தார். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி கொடுப்பது எங்கள் வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம். முதலில் வெள்ளவத்தையில் வீட்டுக்குக் கிட்டவுள்ள சுப்பர் மார்க்கெட் ஒன்றுக்குப் போனேன். மல்லியும் நற்சீரகமும் மஞ்சளும் மசாலாத் தட்டில் இருந்தன. உள்ளி மரக்கறிப் பகுதியில் இருந்தது. வேர்க்கொம்பை (சுக்கை) மசாலாத் தட்டு முழுவதும் தேடிவிட்டுக் கடைசியில் தேயிலைக்குப் பக்கத்தில், ஆரோக்கிய பானங்களுக்கு நடுவே தூளாகக் கண்டெடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது முழுக் கொம்பு. ஓமம் கிடைக்கவேயில்லை. அங்கு வேலை செய்த பிள்ளைகள் அன்பாகத்தான் உதவினார்கள். ஆனால் நான் கேட்ட ஒன்பது பொருளும் ஒரே தேவைக்குரியவை என்பதை அந்தத் தட்டுகளில் எதுவும் அறிந்திருக்கவில்லை. பச்சையா காய்ந்ததா, தூளா முழுசா, குடிப்பதா சமைப்பதா என்று பொருளின் உருவத்தைப் பார்த்துப் பிரித்த ஒழுங்கு அது. வாராந்தச் சாமானுக்குக் கூடை நிரப்புபவருக்கு அது போதும்.

மறுநாள் காலை கேபோஸ் லேனுக்குப் போனேன். பெரியவர் துண்டை வாங்கி, நெற்றியில் ஏற்றியிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கி, முதல் நான்கைந்து வரிகளையும் அவற்றுக்கு எதிரே இருந்த அளவுகளையும் பார்த்தார். மிச்சத்தை வாசிக்காமலே துண்டை மேசையில் வைத்துவிட்டு, "குழந்தை கிடைச்சு எத்தினை நாள், பிள்ளை?" என்று கேட்டார். பத்து நாள் என்றேன். "சுகப்பிரசவமோ, ஒப்பரேசனோ?" என்றார். ஒப்பரேசன் என்றதும், "அப்ப டொக்டரிட்டை ஒருக்காக் கேட்டுப்போட்டுத் துவங்குங்கோ" என்று சொல்லிக்கொண்டே லாச்சிகளை இழுத்தார். கடதாசிச் சரைகள் ஒவ்வொன்றாகத் தராசிலிருந்து மேசைக்கு வந்தன. அதன் பிறகுதான் துண்டை முழுவதாக வாசித்தார். வாசித்து முடித்து, "வேர்க்கொம்பு இருக்கு, மிளகு இருக்கு, திப்பிலியைக் காணேல்லை. எழுதினவை மறந்திட்டினம் போல" என்றார். அம்மாவுக்குத் தொலைபேசியில் கேட்டேன். மறந்துதான் போயிருந்தார்.

அந்தத் துண்டை நானும் பல தடவை வாசித்திருந்தேன். எனக்கு அதில் தெரிந்தவை ஒன்பது பெயர்கள். பெரியவருக்குத் தெரிந்தது ஒரு பொருள்: பிள்ளை பெற்றவளின் சரக்கு. உளவியலாளர் எண்ணக்கரு என்று சொல்வதன் பயன் அந்த ஒரு நிமிடத்தில் எனக்குக் கண்ணெதிரே விளங்கியது. மனதில் ஒரு வகை திடமாக இருக்கும்போது, கண் முன்னால் இருப்பவற்றை அது சேர்த்துக் காட்டுவதோடு நிற்பதில்லை. இருக்க வேண்டியது இல்லாமல் போனால் அதையும் காட்டிக்கொடுக்கிறது. வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி மூன்றும் திரிகடுகு என்று ஒரே பெயருக்குள் கட்டுண்டவை. இரண்டைக் கண்டவர் மூன்றாவதைத் தேடுகிறார். பெயர்ப் பட்டியலாக மட்டும் வாசித்தவளுக்குத் திப்பிலியின் வெற்றிடம் தென்பட வழியே இல்லை.

இனி அந்தச் சுவர். ஆறு வரிசைகள், வரிசைக்குப் பன்னிரண்டு லாச்சிகள். பெரும்பாலானவற்றில் தமிழிலும் சிங்களத்திலும் பெயர் எழுதிய சிறு கடதாசித் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன, பாதி மங்கிப்போய்விட்டன. சரை கட்டும்வரை நின்ற நேரத்தில் அவற்றை வாசித்தபோது, முதலில் எனக்கு அது ஒழுங்கற்றதாகவே பட்டது. அகரவரிசை இல்லை. வேர், பட்டை, விதை, பூ என்ற பிரிவும் இல்லை. அதோடு, மல்லி என்று மூன்று லாச்சிகளில் எழுதியிருந்தது. ஒரு நூலுக்கு ஒரு தட்டில் ஒரேயொரு இடம் என்ற விதிக்குப் பழகிய எனக்கு அது பிழையாகத் தெரிந்தது. ஏன் மூன்று என்று கேட்டேன். "சரக்கு ஒண்டுதான், போற இடம் வேறை" என்றார் பெரியவர்.

நடு வரிசைகளில், கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பவை சரக்குத் தூளுக்குரியவை. அங்கே ஒரு மல்லி. அதற்கு வலப்பக்கம் தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் அவித்துக் குடிக்கும் குடிநீர்ச் சரக்குகள். மரமஞ்சளுக்குப் பக்கத்தில் இன்னொரு மல்லி. மேல் வரிசையில், செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் கறுவாவும் ஏலமும் கராம்புமாகக் கறித்தூளுக்கு உரியவை. அங்கே மூன்றாவது மல்லி. ஒன்றை எடுக்கும் கை அடுத்ததற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது செத்தல் மிளகாயின் இடம். மிளகும் திப்பிலியும் தாவரவியலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. வேர்க்கொம்பு இஞ்சிக் குடும்பம், அவற்றுக்கு உறவே இல்லை. ஆனாலும் கடையில் மூன்றும் பக்கத்துப் பக்கத்து லாச்சிகளில் இருக்கின்றன. உறைப்பு என்ற சுவை அவற்றைச் சேர்க்கிறது என்று சொல்லலாம் என்றால், உறைப்பில் மற்றெல்லாவற்றையும் மிஞ்சும் மிளகாய் அங்கே இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தது; கொலம்பஸ் 1492இல் அங்கு போய்ச் சேரும்வரை நம் பக்கத்தில் யாரும் அதைக் கண்டதில்லை. புதிதாக வந்த காய்க்கு, ஏற்கெனவே மனதில் இருந்த மிளகின் பெயரைக் கொடுத்தே அதை விளங்கிக்கொண்டோம். அறியாததை அறிந்ததன் பக்கத்தில் இருத்திப் பார்க்கும் மனதின் பழக்கம் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் பெயரால் மிளகுக்கும் சுவையால் திரிகடுகுக்கும் உறவான மிளகாய், பிள்ளை பெற்றவளின் சரக்கில் சேராது. ஆகவே சுவரிலும் அது தள்ளியே இருக்கிறது. அந்த லாச்சிகளைச் சேர்த்து வைத்திருப்பது தாவரக் குடும்பமும் அல்ல, சுவையும் அல்ல. இன்னார் இந்த நாளில் இதைச் சாப்பிடலாம் என்ற அறிவுதான் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது.

எங்கள் தொழிலில் இந்தச் சிக்கல் நாளாந்தம் வருவது. அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு அறிவை 10 பெரும் பிரிவுகளாகத் துறைவாரியாகப் பிரிக்கிறது. அதன்படி இஞ்சியைப் பயிரிடுவது பற்றிய நூல் 633 என்ற பகுப்பு இலக்கத்துக்குப் போகும். இஞ்சியை உணவாகக் கொண்டு எழுதிய நூல் 641க்கு. மருந்தாகக் கொண்டால் 615க்கு. பிள்ளைப்பேற்றுக் கால வைத்தியம் என்றால் 618. ஒரே வேர் நான்கு அலுமாரிகளுக்குப் பிரிந்து போகிறது. சுப்பர் மார்க்கெட்டில் நான் அலைந்த அலைச்சலை வாசகர்கள் எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு நாளும் அலைகிறார்கள் என்பதை அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன். இந்தக் குறைக்கு மாற்றுத் தேடியவர்களில் முதன்மையானவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித விரிவுரையாளராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக இலண்டன் போன இடத்தில், செல்ப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளையும் ஆணிகளையும் வைத்து வேண்டிய உருவத்தை அவ்வப்போது பூட்டிக்கொள்ளலாம் என்ற அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் 1933இல் வெளியான அவரது கோலன் பகுப்பு. ஒரு விடயத்தை முன்கூட்டியே ஒரு பெட்டிக்குள் அடைக்காமல், எது, எதனாலானது, என்ன செய்யப்படுகிறது, எங்கே, எப்போது என்ற முகங்களாகப் பிரித்து, தேவைக்கேற்பக் கோத்துக்கொள்ளும் முறை அது. நூலகப் பகுப்பின் அந்தப் பெரும் சிந்தனை ஒரு கடையில் தொடங்கியது என்பதை நினைத்துக்கொண்டு இந்த லாச்சிகளுக்கு முன்னால் நின்றது எனக்கு மனநிறைவாக இருந்தது.

மனம் எப்படி அடுக்கிக்கொள்கிறது என்பதை உளவியலாளர் ஆராய்ந்த வரலாற்றிலும் இதே திருப்பம் உண்டு. அரிஸ்ரோட்டில் காலம் தொட்டு, ஒரு வகை என்றால் அதற்குத் திட்டமான வரையறை இருக்கும், அந்த வரையறைக்கு உட்பட்டவை எல்லாம் அதற்குள் சமமான உறுப்பினர் என்ற எண்ணமே ஓங்கியிருந்தது. 1970களில் எலினோர் ரோஷ் செய்த ஆய்வுகள் அதை அசைத்தன. பறவை என்றதும் எல்லாப் பறவைகளும் ஒரே தரத்தில் மனதுக்கு வருவதில்லை. அவர் ஆராய்ந்த அமெரிக்க மாணவர்களுக்கு ரொபின் குருவி நல்ல பறவையாகவும் பென்குயின் ஓரத்துப் பறவையாகவும் இருந்தன. நமக்கு அந்த இடத்தில் காகமோ சிட்டுக்குருவியோ வரும். 1976இல் அவரும் உடனாய்வாளர்களும் இன்னொன்றையும் காட்டினார்கள். தளபாடம், கதிரை, சாய்மனைக் கதிரை என்ற மூன்று படிகளில் மனம் இயல்பாகப் போய் நிற்பது நடுப்படியில். சிறுவர் முதலில் கற்பதும் நாம் பொருளைக் கண்டவுடன் சொல்வதும் அந்தப் படியின் பெயரைத்தான். கேபோஸ் லேனில் யாரும் வாசனைத் திரவியம் தாருங்கள் என்று கேட்பதில்லை. மிளகு என்று கேட்கிறார்கள்; வால்மிளகு வேண்டியவர் மட்டும் அதைப் பிரித்துச் சொல்கிறார். லாச்சிகளில் எழுதியிருக்கும் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த நடுப்படிப் பெயர்கள்.

லாச்சிக் கூட்டங்களுக்குத்தான் எந்தப் பெயரும் எழுதப்படவில்லை. சுப்பர் மார்க்கெட்டில் தட்டுக்கு மேலே பெரிய எழுத்தில் பலகை தொங்குகிறது. இங்கே கூட்டத்தின் பெயர் பெரியவரின் தலைக்குள் இருக்கிறது. இப்படிப்பட்ட வகைகளைப் பற்றி 1983இல் எழுதியவர் லோரன்ஸ் பார்சலூ. வீடு தீப்பிடித்தால் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியவை என்ற வகைக்கு எந்த மொழியிலும் ஒற்றைச் சொல் இராது. பிள்ளையும் நகையும் உறுதிப் பத்திரமும் தம்முள் ஒன்றையொன்று எவ்வகையிலும் ஒத்தவை அல்ல. ஆனால் தேவை வந்த கணத்தில் மனம் அவற்றைச் சேர்த்துக் கட்டுகிறது. அப்படிக் கட்டிய வகைக்கும் நடுவும் ஓரமும் உண்டு என்பதை அவர் காட்டினார். சரக்குக் கூட்டத்தை இந்தக் கண்ணோடு பார்த்தேன். நட்ட நடுவில் மிளகு, வேர்க்கொம்பு, திப்பிலி. அவற்றைச் சுற்றி நற்சீரகம், மல்லி, மஞ்சள். எல்லா வீடுகளிலும் சேர்க்காத ஓமமும் சதகுப்பையும் கரையோரம். பெரியவர் பார்சலூவை வாசித்தவர் அல்லர். பல்லாண்டுகளாக எந்த லாச்சியை அதிகம் இழுத்தாரோ அது நடுவுக்கு வந்திருக்கிறது.

உணவுப் பொருட்களைப் பற்றியே 1999இல் பிரையன் ரோஸும் கிரகரி மர்பியும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மக்கள் ஓர் உணவை இரண்டு விதமாக ஒரே சமயத்தில் மனதில் வைத்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியவந்தது: தானியம், இறைச்சி, பழம் என்ற இயல்புவழி ஒரு பிரிவு, காலைச் சாப்பாடு, இடைநேரத் தின்பண்டம் என்ற சந்தர்ப்பவழி இன்னொன்று. உள்ளே என்ன சத்து இருக்கும் என்று ஊகிக்க முதலாவதையும், எப்போது எங்கே உண்ணப்படும் என்று ஊகிக்க இரண்டாவதையும் பயன்படுத்துகிறார்கள். சுப்பர் மார்க்கெட் ஒரு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. மூன்று மல்லி லாச்சி வைத்தவர் இரண்டையும் எடுத்துக்கொண்டார். என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வாங்குபவரின் மனம் இருக்கும் ஒழுங்குக்குக் கிட்டவாகத் தன் ஒழுங்கை வைத்திருப்பதே இந்தக் கடையின் முதற் சிறப்பு.

பெயர்கள் காலை வாரிவிடும் இடங்களும் உண்டு என்பதற்குச் சீரகத்தைப் போல நல்ல சாட்சி இல்லை. நற்சீரகமும் பெருஞ்சீரகமும் மல்லியும் ஓமமும் சதகுப்பையும் தாவரவியலில் ஒரே குடும்பம். கருஞ்சீரகம் அந்தக் குடும்பம் அல்ல, காட்டுச்சீரகம் வேறொன்று. ஒரே குடும்பத்து மல்லிக்கும் ஓமத்துக்கும் கிடைக்காத பெயர், உறவே இல்லாத இரண்டுக்குக் கிடைத்திருக்கிறது. சீரகம் என்ற சொல்லுக்கு உட்பட்ட எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பண்பைத் தேடினால் கையில் எதுவும் அகப்படாது. ஒன்று இன்னொன்றை ஒரு விதத்தில் ஒக்கும், அது மூன்றாவதை வேறு விதத்தில் ஒக்கும். விளையாட்டு என்ற சொல்லை எடுத்துக்கொண்டு மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன் விளக்கிய குடும்பச் சாயல் இதுதான். அவருடைய அந்த எழுத்து 1953இல் வெளிவந்தது. நம் பாட்டிமார் அதற்கு எவ்வளவோ முன்பே சீரகங்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

தரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை போனபோது கறுவா கேட்டேன். ஒரு குச்சியை எடுத்து, இரு கைவிரல்களாலும் நடுவில் முறித்து, முறிந்த முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சுருட்டுக்குள் புகையிலை சுற்றியிருப்பது போல, கடதாசிக் கனமுள்ள பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடர்ந்திருந்தன. விரலில் உதிர்ந்த தூள் இனிப்பாக மணத்தது. பிற நாடுகளில் கறுவா என்ற பெயரிலேயே விற்கப்படும் கசியாப் பட்டையை முறித்தால் ஒரே தடித்த பட்டை இரு பக்கமும் உள்ளே சுருண்டிருக்கும், மணமும் முரடு. வெளியே பார்த்தால் இரண்டும் மண்ணிறக் குழல்கள்தான். பொருளின் இயல்பு அதன் தோற்றத்துக்குள்ளே மறைந்திருக்கிறது என்ற நம்பிக்கை மனித மனதில் மிக ஆழமானது. ரக்கூன் என்ற விலங்கைச் சாயம் பூசி ஸ்கங்க் என்ற வேறொரு விலங்கு போலத் தோற்றமளிக்கச் செய்தாலும், சற்று வளர்ந்த பிள்ளைகள் அது இன்னும் ரக்கூன்தான் என்று சொல்வதை பிராங்க் கீல் 1989இல் எழுதினார். நம்மிடத்தில் தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதிக்கு இந்தப் பார்வை புதிதல்ல. வெளிப்பக்கம் வைரம் (கெட்டியான பகுதி) உள்ளது புல், உட்பக்கம் வைரம் உள்ளது மரம் என்று அது பிரிக்கிறது. அதனால் பனையும் தெங்கும் எவ்வளவு உயர்ந்து நின்றாலும் புல்லின் பக்கம் போகின்றன. அவற்றின் இலையை இலை என்று சொல்லாமல் ஓலை என்று சொல்லும் வழக்கும் அந்தப் பிரிவோடு சேர்ந்தது. இன்றைய தாவரவியலும் பனை, தென்னை, புல் மூன்றையும் ஒருவித்திலைத் தாவரங்களுக்குள் வைக்கிறது. வெட்டிப் பார்த்து வகுத்தவர்களின் வகுப்பு அது. முறித்துக் காட்டி விற்பவர் அந்த வழியில் வந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மற்றச் சரக்குகளும் குறையில்லை. மிளகு கனமாக, சுருக்கம் இறுகி இருந்தது. நற்சீரகத்தில் கல்லும் தண்டும் மிகக் குறைவு. வேர்க்கொம்பில் பூச்சி துளைத்த ஒரு துண்டையும் காணவில்லை. 50 கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துத் தருகிறார்கள். தேவையான அளவை மட்டும் வாங்க முடிவதால், பொதி செய்து விற்கும் இடங்களைவிட மொத்தச் செலவு எனக்குக் குறைவாகவே முடிந்தது.

குறையையும் மறைக்கக் கூடாது. இரண்டாம் தடவை நான் போனபோது பெரியவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார், மகன் நின்றார். மரியாதையான, சுறுசுறுப்பான பிள்ளை. சதகுப்பை கேட்டேன். சுவரில் பெயரைத் தேடினார். அந்த லாச்சியில் கடதாசி கிழிந்திருந்தது. இரண்டு மூன்று லாச்சிகளைத் திறந்து பார்த்து, ஒன்றிலிருந்து நிறுத்துத் தந்தார். வீட்டில் அம்மா சரையைப் பிரித்தவுடனேயே பெருஞ்சீரகம் என்றார். திரும்பக் கொண்டுபோனபோது ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றித் தந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் மருந்துச் சரக்கில் இப்படி ஒரு மாறாட்டம் சின்ன விடயம் அல்ல. பெருஞ்சீரகத்தோடு போனது எங்கள் நல்ல காலம். எல்லாப் போலிகளும் அவ்வளவு சாதுவானவை அல்ல. நட்சத்திரச் சோம்பின் ஜப்பானிய இனம் நஞ்சு. காய்ந்த காயைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது வெகு கடினம்.

மகன் தவறியது ஏன் என்று யோசித்தால் அது அவருடைய கவலையீனம் அல்ல. அவர் பெயரையும் உருவத்தையும் வைத்துத் தேடினார்; தகப்பன் பயனை வைத்து எடுக்கிறார். சதகுப்பை சரக்குக் கூட்டத்தின் ஓரத்தில் இருக்கும் என்பது தெரிந்தவருக்கு மேல் வரிசையைத் திறக்கும் எண்ணமே வராது. ஒரே மரங்களைத் தாவரவியல் வகைப்பாட்டாளரும், நிலத்தோற்றம் அமைப்பவரும், பூங்காப் பராமரிப்பாளரும் வெவ்வேறு விதமாகக் கூறுபிரித்ததை டக்ளஸ் மெடினும் உடனாய்வாளரும் 1997இல் பதிவு செய்தார்கள். எந்த வேலைக்காக மரத்தை அறிந்தார்களோ அந்த வேலையின் தடம் அவரவர் பிரிவில் இருந்தது. ஆகவே பல்லாண்டு வேலையால் வந்த ஓர் ஒழுங்கு, அந்த வேலையைச் செய்யாதவருக்குச் சுவரைப் பார்த்தவுடன் விளங்கிவிடாது.

இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. மூளை நோயால் பாதிக்கப்பட்ட சிலர், கருவிகளையும் வீட்டுச் சாமான்களையும் சரியாக அடையாளம் கண்டபடி, உயிரினங்களையும் உணவு வகைகளையும் மட்டும் இழந்துவிட்டதை எலிசபெத் வாரிங்டனும் டிம் ஷாலிஸும் 1984இல் விவரித்தார்கள். அறிவு ஒரே சாக்கில் கொட்டிக் கிடப்பதில்லை. கூட்டமாக இருக்கிறது, கூட்டமாகவே தொலையவும் கூடும் என்று அதை வாசித்த நாளில் எனக்குப் பட்டது. ஒரு கடையின் அறிவு முழுவதும் ஒரு தலைக்குள் இருக்கும்போது, அந்தத் தலை சாப்பாட்டுக்குப் போனாலே சதகுப்பை தொலைந்துவிடுகிறது.

மகன் சரக்குகளை அகரவரிசையில் மாற்றி, கணினியில் ஏற்றப் போவதாகச் சொன்னார். தேடி எடுக்க அகரவரிசை நல்லது, அதைச் செய்ய வேண்டும் என்றே நானும் சொன்னேன். ஆனால் லாச்சிகளை இடம் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அகரவரிசையில் திப்பிலி இருப்பது திராட்சைக்குப் பக்கத்தில். திப்பிலி குறைகிறது என்று அந்த வரிசை ஒருபோதும் சொல்லித் தராது. மூன்றாம் தடவை போனபோது, பெரியவரின் அனுமதியோடு ஒரு கொப்பியில் 72 கட்டங்கள் கீறி, ஒவ்வொரு லாச்சியிலும் என்ன இருக்கிறது, அது எந்தக் கூட்டத்தில் சேரும், எதற்காகக் கேட்டு வருவார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல மகனும் நானுமாக எழுதினோம். வாடிக்கையாளர் வந்து வந்து போக, இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இடையில் ஒரு சிங்களப் பெண்மணி வந்து வெனிவெல் கேட்டார். மரமஞ்சள் என்று எழுதிய லாச்சியைப் பெரியவர் திரும்பிப் பாராமலே இழுத்தார். கொப்பியில் அந்தக் கட்டத்துக்கு இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டோம்.

கடைசியாக, குழந்தை பிறந்து முப்பத்தொரு நாள் கழிந்த பிறகு, குழந்தைக்கு வசம்பு வாங்கப் போனேன். பெரியவர் வாசலில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். மகன் பெயர்க் கடதாசிகளைப் பார்க்கவில்லை. சரக்குக் கூட்டத்துக்குக் கீழே, தாய்க்குப் பிறகு பிள்ளைக்கு என்று நாள் வரிசையில் வரும் லாச்சிகளில் முதலாவதைத் திறந்து வசம்பை எடுத்து வைத்தார். பிறகு, "நாவூறுக்கு ஏதும் வேணுமோ, அக்கா?" என்று கேட்டார்.

போக விரும்புபவர்களுக்குச் சில விவரங்கள். வெள்ளவத்தைப் பக்கமிருந்து 100, 101 இலக்கப் பேருந்துகள் காலி வீதி வழியே புறக்கோட்டைக்குப் போகின்றன. இறங்கி நடக்கும் தூரம்தான். லேன் ஒடுக்கமானது, சாமான் ஏற்றும் கைவண்டிகள் போய்வரும். சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது வசதியில்லை. ஞாயிறும் போயா நாளும் கடை பூட்டு. வங்கி அட்டை எடுப்பதில்லை, காசு கொண்டு போக வேண்டும். முற்பகலில் கூட்டம் இருந்தாலும் பெரியவர் இருக்கும் நேரம் அதுதான். காத்திருந்தாலும் பரவாயில்லை, அந்த நேரத்திலேயே போங்கள். துண்டில் சாமான்களின் பெயரோடு, யாருக்கு, எதற்கு என்பதையும் மேலே ஒரு வரியில் எழுதிக்கொண்டு போங்கள்.